இரண்டு போல்ட் மாட்டாமல் விட்டதற்கு நாற்பதாயிரம் ரூபாய்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கம் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஐந்தாறு நிமிடம் ஓடி எஞ்சின் சூடானதும் தானாக அடங்கிவிடும். உங்கள் பழைய பெட்ரோல் காரில் இப்படி ஒன்று கேட்டால், தயவுசெய்து அதை டாப்பெட் (எஞ்சின் வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். ஜூனில் தொடங்கியது பிப்ரவரியில்தான் முடிந்தது. எட்டு மாதம், 39,650 ரூபாய். இதைப் பற்றி யாராவது முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறாயிரத்துக்குள் முடிந்திருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

வண்டி 2014 மாடல், நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர் பெட்ரோல், ஆர்.சி.யில் பி.எஸ்-4 (வண்டிப் புகைக்கான அரசு விதியின் நான்காம் நிலை). ஓடியது 1,12,000 கிலோமீட்டர். தொல்லை தொடங்கிய வருடம் மே மாதம் கிளட்ச் பிளேட் மாற்றினோம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய அந்த வேலைக்கும் பிறகு வந்த தொல்லைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று கடைசி வரை யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஜூன் கடைசியில், இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்த நாட்களில், அந்த டிக் டிக் ஆரம்பித்தது. "டாப்பெட் சத்தம்தான், பேடிக்காண்டாம் (பயப்பட வேண்டாம்)" என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். 650 ரூபாய் கொடுத்து டாப்பெட் அட்ஜஸ்ட் செய்தோம். மறுநாள் காலை அதே சத்தம்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டாப்பெட் சத்தம் பெரும்பாலும் எஞ்சின் சூடான பிறகும் கொஞ்சமாவது நிற்கும். குளிர்ந்திருக்கும்போது மட்டும் கேட்டு, சூடானதும் சுத்தமாக மறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எக்ஸாஸ்ட் மேனிபோல்டு கேஸ்கெட்டை, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே எடுக்கும் குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகட்டை. எஞ்சின் ஹெட்டில் மேனிபோல்டு உட்காரும் இடத்தில் மயிரிழை அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கும். குளிரில் அதன் வழியே புகை அடித்து வெளியேறுவதுதான் அந்த டிக் டிக். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபட்டுச் சத்தம் நிற்கிறது. சத்தம் நின்றதால் கோளாறும் நின்றது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஆகஸ்டில் மைலேஜ் விழுந்தது. லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 12-க்கு வந்தது. பின்னால் நின்றால் அழுகிய முட்டை நாற்றம். பிறகு மீட்டரில் செக் லைட் எரிந்தது. ஏர் பில்டர், நான்கு பிளக், த்ராட்டில் பாடி கிளீனிங் என்று 2,400 ரூபாய், மைலேஜ் ஏறவில்லை. இன்ஜெக்டர் கிளீனிங் 1,800; அதற்கும் ஏறவில்லை. ஸ்கேனர் போட்டதில் பி 0171 என்று வந்தது. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். "முன் ஆக்சிஜன் சென்சார் போச்சு" என்று 4,300 ரூபாய்க்குப் புதியதைப் போட்டார்கள். இரண்டு வாரம் லைட் எரியவில்லை. பிறகு மறுபடி எரிந்தது. சென்சார் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. அதன் முன்னால் வந்த காற்றுதான் பொய் சொன்னது.

விஷயம் இதுதான். புகை வெளியேறுகிற ஓட்டை வழியாகக் காற்று உள்ளே எப்படிப் போகும் என்று நமக்குத் தோன்றும். எக்ஸாஸ்ட் வாயு குழாயில் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓடுவதில்லை; ஒவ்வொரு சிலிண்டரும் திறக்கும்போது ஒரு அடி, இடையில் ஒரு இடைவெளி. அடி விழும்போது ஓட்டை வழியே வாயு வெளியேறும். இடைவெளியில் குழாயின் உள் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சென்சார் அளந்து, "பெட்ரோல் போதவில்லை" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலை அடிக்கிறது. எரியாமல் மிஞ்சிய பெட்ரோலும் ஓட்டை வழியே வந்த காற்றும் சேர்ந்து, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகின்றன. சாதாரணமாக 400 முதல் 800 டிகிரிக்குள் வேலை செய்யும் பொருள் அது. அதற்கு மேல் தொடர்ந்து போனால் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் செராமிக் உருகி வழிந்து துளைகளை அடைத்துக்கொள்ளும்.

ஸ்கேனரில் கோட் மட்டும் பார்த்துவிட்டு மூடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. லைவ் டேட்டாவில் ஃப்யூயல் டிரிம் என்று இரண்டு எண்கள் இருக்கும்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. அவற்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மைனஸ் 10-லிருந்து பிளஸ் 10 வரை இருந்தால் பரவாயில்லை. என் வண்டியில் ஐடிலில் பிளஸ் 19, 2,500 ஆர்.பி.எம்.மில் பிளஸ் 6. ஐடிலில் அதிகமாகவும் ரேஸ் செய்தால் குறைவாகவும் காட்டினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் வேக்குவம் பைப்பாகவும் இருக்கலாம், எக்ஸாஸ்ட் பக்கமாகவும் இருக்கலாம், இரண்டையும் பார்த்துவிட வேண்டும். ரேஸ் செய்யச் செய்ய எண் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் பம்ப், பில்டர் பக்கம் போக வேண்டும். முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே வேகமாக ஏறி இறங்குவது சரி. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் 0.6, 0.7 பக்கம் அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் முன் சென்சாரைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. பி 0420 கோட் வருவது இதனால்தான்.

செப்டம்பரில் குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றத்தில் செக் லைட் மினுக்க ஆரம்பித்தது. எஞ்சின் நடுங்கியது. இறக்கத்தில் சரியாகிவிட்டது. செக் லைட் நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு என்று அன்று எனக்குத் தெரியாது. மினுக்கினால் ஒரு சிலிண்டர் எரியாமல் பச்சைப் பெட்ரோலைக் கன்வெர்ட்டருக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து ஓரமாக நிறுத்திவிட வேண்டும். நான் அப்படியே முப்பது கிலோமீட்டர் ஓட்டினேன். அடுத்த வாரம் வண்டி அறுபதுக்கு மேல் ஏறவில்லை. ஒரு நாள் ராத்திரி தக்கலை பக்கம் நிறுத்திக் குனிந்து பார்த்தபோது அடியில் கன்வெர்ட்டர் மங்கலான சிவப்பில் கனன்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். கீழே காய்ந்த சருகு கிடந்திருந்தால் பற்றியிருக்கும்.

கன்வெர்ட்டர் அடைத்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் யோசனை: "உள்ள இருக்கதத் தட்டிக் களஞ்சா போரும், ஐநூறு ரூவா தந்தா மதி." உள்ளே இருப்பதைத் தட்டி எறிந்துவிட்டால் போதுமாம். பலர் இதைச் செய்கிறார்கள், வண்டி உடனே பறக்கும் என்பதும் உண்மைதான். செய்யாதீர்கள். அதற்குள் பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் மூன்றும்தான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடையும் மாற்றி வெளியே விடுகின்றன. தட்டிக் கொட்டிவிட்டால் நம் வண்டிப் புகையைக் குடிக்கப்போவது பின்னால் பைக்கில் வருகிற பிள்ளைகள். சட்டப்படி பார்த்தாலும் பி.எஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். தான் எல்லை. 2,500 ஆர்.பி.எம். பக்கம் வைத்துச் சோதிக்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், லேம்டா (காற்று-பெட்ரோல் விகிதத்தின் அளவு) 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும். காலிக் கூட்டை வைத்து நேர்மையாகச் சோதித்தால் தேறவே தேறாது. மாசு விதியை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

அக்டோபரில் வெளிக் கம்பெனி கன்வெர்ட்டர் வாங்கினேன். பொருள் 9,800, கேஸ்கெட் 350, கூலி 1,200. கம்பெனிப் பொருளுக்கு 41,000 சொன்னதால் இதுவே போதும் என்று தோன்றியது. பழையதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதுவும் நஷ்டம்தான். உருகிப்போன ஒரிஜினல் கன்வெர்ட்டரிலும் அந்த மூன்று உலோகமும் இருக்கும்; ஆக்கர்காரர்கள் (பழைய சாமான் வாங்குபவர்கள்) அதைத் தனியாக எடை போட்டுச் சில ஆயிரங்களுக்கு வாங்குகிறார்கள். எந்த வேலை செய்தாலும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. பழைய சாமானில்தான் காரணம் எழுதியிருக்கும். உள்ளே செராமிக் கண்ணாடி மாதிரி உருகியிருந்தால் பெட்ரோல் கூடியிருக்கிறது அல்லது மிஸ்ஸிங் (சிலிண்டர் எரியாமல் விடுவது). வெள்ளையாகச் சாம்பல் படிந்திருந்தால் ஆயில் எரிகிறது, வால்வ் சீலையோ ரிங்கையோ பார்க்க வேண்டும். கறுப்புப் புகை மட்டும் படிந்திருந்தால் சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டியிருக்கலாம். உடைந்து கட்டியாகக் கிடந்தால் அடி பட்டிருக்கலாம், அல்லது சூடாக இருக்கும்போது வெள்ளத்தில் இறங்கியிருக்கலாம்.

ஜனவரியில் புதிய கன்வெர்ட்டரும் அடைத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. விற்றுவிடலாம் என்று முடிவு செய்துதான், விலை கேட்பதற்கு முன் ஒரு முறை காட்டிவிடுவோம் என்று பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "சாமானத்த மாத்துகதுக்கு முன்ன அது எதுக்குக் கெட்டுதுன்னு பாக்கண்டாமா மக்கா?" எட்டு மாதத்தில் இதை யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

வண்டியை ராத்திரி முழுக்க அங்கேயே நிறுத்தச் சொன்னார். காலையில் குளிர்ந்த எஞ்சினில், வேக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்தி, மெல்லக் காற்றைச் செலுத்தினார். மேலே ஹீட் ஷீல்டைக் கழற்றிவிட்டு மேனிபோல்டு ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்தார். மூன்றாவது சிலிண்டர் பக்கம் நுரை பொங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே ஹெட்டில் விசிறி வடிவில் கறுப்புக் கரி. மேனிபோல்டை ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) ஒன்று உள்ளுக்குள்ளேயே முறிந்து, நட் மட்டும் துருவில் ஒட்டிக்கொண்டு வெளியே முழுசாகத் தெரிந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை, அரை மணி நேரம் போதும். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து, ஏற்றத்தில் எஞ்சின் நடுங்கியதற்குக் காரணம் தேடி, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைப் பார்த்தார். மூன்றாம் சிலிண்டர் காயிலை ஒன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, ஏற்றத்தில் ஒரு ஓட்டம். ஸ்கேனரில் முன்பு பி 0303 (மூன்றாம் சிலிண்டர் எரியவில்லை) காட்டியது இப்போது பி 0301 (ஒன்றாம் சிலிண்டர்) ஆனது. காயிலோடு சேர்ந்து கோளாறும் இடம் மாறினால் காயில்தான் காரணம். அதே இடத்தில் நின்றிருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அந்த ஸ்டட் பக்கமிருந்து அடித்த சூட்டில் காயில் தளர்ந்திருக்கலாம் என்று அவர் நினைத்தார். சூடாகிப் பாரம் ஏறும்போது மட்டும் விட்டுவிட்டு அடித்ததால்தான் ஊருக்குள் ஓட்டும்போது யாருக்கும் தெரியவில்லை. புதிய காயில் 1,750 ரூபாய்.

கன்வெர்ட்டர் அடைப்பை அவர் சோதித்த விதத்தையும் சொல்ல வேண்டும். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த மரையில் பிரஷர் கேஜ் மாட்டினார். ஐடிலில் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குள், 2,500 ஆர்.பி.எம்.மில் மூன்றுக்குள் நிற்க வேண்டும். என் வண்டியில் 2,500-ல் ஏழு காட்டியது. பிரஷர் கேஜ் இல்லாத இடத்தில் இன்டேக்கில் வேக்குவம் கேஜ் மாட்டி, 2,500-ல் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தாலும் தெரியும்: முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் அடைப்பு. கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டும்போது கலகல என்றால் உள்ளே உடைந்திருக்கிறது. பெட்ரோலில் ஊற்றுகிற கிளீனர் திரவங்களைப் பற்றிக் கேட்டேன். கரி மட்டும் படிந்திருந்தால் ஓரளவு உதவலாம், உருகிய செராமிக்கை எந்தத் திரவமும் திறக்காது என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

கியர்பாக்ஸ் பக்கம் படுத்துப் பார்த்தவர் அடியிலிருந்தே கேட்டார், கன்வெர்ட்டரைப் பிடிக்கிற சப்போர்ட் பிராக்கெட் எங்கே என்று. எஞ்சின் பிளாக்கில் இரண்டு போல்ட் துளைகள் காலியாக இருந்தன. மே மாதம் கியர்பாக்ஸை இறக்க அந்தப் பிராக்கெட்டைக் கழற்றியிருக்கிறார்கள், திரும்ப மாட்டவில்லை. கன்வெர்ட்டரும் முன் பைப்பும் சேர்ந்த மொத்தப் பாரமும் அதிர்வும் மேனிபோல்டு ஸ்டட்டுகளில் தொங்கியிருக்கிறது. ஒன்று முறிந்தது. மீதி எல்லாம் அதன் தொடர்ச்சி. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் ஒரு பாலித்தீன் கவரில், ஆயில் படிந்த விரல் தடத்தோடு, அந்தப் பிராக்கெட்டும் 14-ம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற இரண்டு போல்ட்டும் இருந்தன. எட்டு மாதமாக வண்டியிலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன.

ஸ்டட் எடுக்கிற வேலையில் அவசரம் கூடாது. அலுமினிய ஹெட்டில் 8 மி.மீ. ஸ்டட் உள்ளே முறிந்தால் டிரில் போடுவதுதான் பலருடைய பழக்கம். பிட் கொஞ்சம் விலகினால் ஹெட் மரை போய்விடும், பிறகு ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச்சுருள்) போட வேண்டும். இவர் முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊற விட்டார். முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து நடுவே வெல்ட் அடித்தார். அந்தச் சூடே துருவை விட வைக்கும். செந்நிறம் அடங்கியதும் ஸ்பேனரால் முன்னும் பின்னும் கால் சுற்றாக ஆட்டி ஆட்டி எடுத்தார். மூன்றாவது வெல்டில் வந்தது. வண்டியில் வைத்து வெல்டிங் செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கட்டாயம் கழற்ற வேண்டும், எர்த் கிளாம்பை வெல்ட் செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஈ.சி.எம். (எஞ்சின் கம்ப்யூட்டர்) கெட்டுப்போகலாம். சைலன்சருக்கு ஒட்டுப்போட வழியோரக் கடையில் நிறுத்தும்போதும் இதை நாமே நின்று பார்க்க வேண்டும்.

கழற்றிய மேனிபோல்டின் முகத்தில் நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டதில் மூன்றாவது வாயில் 0.4 மி.மீ. நுழைந்தது. வளைந்த முகத்தில் புதுக் கேஸ்கெட் போட்டால் இரண்டு மாதம்தான். லேத்தில் கொடுத்து முகம் எடுத்தோம், 900 ரூபாய். ஸ்டட்டும் செம்பு பூசிய நட்டும் 380, கேஸ்கெட் 420, கூலி 2,200. நட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக டார்க் ரெஞ்சில் இறுக்கினார். 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு. உங்கள் வண்டிக்கு உரியதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் சென்சாரைத் திரும்பப் போடும்போது மரையில் மட்டும் ஆன்டி-சீஸ் தடவ வேண்டும், முனையில் படக் கூடாது. அந்தப் பக்கத்தில் சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டைப் பயன்படுத்தினால் அதன் ஆவி சென்சாரில் வெள்ளையாகப் படிந்து அதைக் கெடுத்துவிடும்.

புதிதாக வாங்கிய இரண்டாவது கன்வெர்ட்டர் 13,500. பி.எஸ்-4 என்று பில்லில் எழுதி வாங்கினோம், சதுர அங்குலத்துக்கு 400 துளை உள்ளது. மேலே அம்புக்குறி இருக்கும், வாயு போகும் திசையில்தான் மாட்ட வேண்டும். விலை குறைந்தவற்றில் உலோகப் பூச்சு மெலிதாக இருப்பதால் சில மாதங்களில் பி 0420 வந்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தேவையில்லாமல் போனது 20,500. உண்மையான கோளாறைச் சரிசெய்ய ஆனது காயிலோடு சேர்த்து 5,650. அதற்குள் கெட்டுப்போன கன்வெர்ட்டருக்கு 13,500. இது தவிர எட்டு மாதத்தில் ஓடிய 5,600 கிலோமீட்டருக்கு 117 லிட்டர் பெட்ரோல் கூடுதலாகக் குடித்திருக்கிறது. பணத்தைவிட என்னை இன்றும் உறுத்துவது வேறு. மேனிபோல்டில் ஒழுகும் புகை, ஏ.சி. வெளிக்காற்றை இழுக்கும்போது காருக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின்சீட்டில் அம்மா தலைவலி என்று சொன்னதை வெயில் என்று நினைத்துவிட்டேன். எக்ஸாஸ்ட் ஒழுகுவது தெரிந்தால் சரிசெய்கிற வரை கண்ணாடியைத் திறந்து வைத்து ஓட்டுங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கென்று ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் இருப்பவர்களின் வண்டியில் உப்புக் காற்றால் கிளாம்ப், ஹேங்கர் கம்பி, ஃபிளாஞ்ச் போல்ட் எல்லாம் வெளியிலிருந்து துருப்பிடிக்கும். சைலன்சர் பெட்டி கெடுவது பெரும்பாலும் உள்ளிருந்து. பெட்ரோல் எரியும்போது நீராவி வரும். வீட்டிலிருந்து சந்தைக்கு மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டினால் பெட்டி சூடாகாமல் அந்தத் தண்ணீர் உள்ளேயே தேங்கும். பெட்டியின் அடியில் சின்ன வடிகால் துளை இருக்கும். ஒட்டுப்போடுபவர்கள் அதையும் ஓட்டை என்று அடைத்துவிடுகிறார்கள், அடைக்க விடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு வரை ஒரே சீராக ஓட்டிவிட்டு வந்தாலே தண்ணீர் வற்றிவிடும். தொங்கும் ரப்பர் அறுந்தால் கட்டுக்கம்பி போட்டு இறுக்கக் கூடாது. ரப்பர் நூறு ரூபாய்க்குள்தான். கம்பி போட்டால் அதிர்வு முழுக்க முன்னால் போய்விடும்.

பிப்ரவரி கடைசியில் மார்த்தாண்டத்தில் புகைச் சோதனை எடுத்தோம். கன்வெர்ட்டர் 250, 300 டிகிரிக்கு மேல்தான் வேலை செய்யத் தொடங்கும் என்பதால் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நேராகக் கொண்டுபோனோம். கார்பன் மோனாக்சைடு 0.04, ஹைட்ரோகார்பன் 48, லேம்டா 1.01. மைலேஜ் பதினாறுக்குத் திரும்பிவிட்டது. பிராக்கெட்டின் இரண்டு போல்ட் தலையிலும் பிளாக்கோடு சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருக்கிறார். ஆயில் மாற்ற ரேம்ப்பில் ஏற்றும்போதெல்லாம் கோடு விலகியிருக்கிறதா என்று நானே கீழே போய்ப் பார்க்கிறேன்.